மெட்ரோ நிலையம் தன்னைத் தானே கவனித்துக்கொள்வது எப்படி?

எங்கள் தண்டையார்பேட்டைக் குடியிருப்பில், படிக்கட்டுக்கு அடியில், ஒரு சிறிய வெள்ளைப் பெட்டி இருக்கிறது. சம்பில் தண்ணீர் இருந்து, மொட்டைமாடி டேங்கில் தண்ணீர் குறைந்தால் மோட்டாரைப் போடுவதும், டேங்க் நிரம்பியதும் நிறுத்துவதும் அதன் வேலை. பச்சை விளக்கு எரிந்தால் மோட்டார் ஓடுகிறது என்று பொருள். ஒரு கோடைக்காலக் காலையில் இரண்டாவது மாடி அக்கா எட்டிப் பார்த்து, "தம்பி, மோட்டார் ஓடுற சத்தம் கேக்குது, குழாய்ல சொட்டுத் தண்ணி வரலியே" என்றார். பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. சம்பின் மூடியைத் திறந்த பிறகே விஷயம் புரிந்தது. சம்பினுள் மிதக்க வேண்டிய ஃப்ளோட், பக்கத்துக் குழாயில் சிக்கி மேலேயே நின்றுவிட்டிருந்தது. சம்ப் காலியாகி வெகுநேரம் ஆகியும் தண்ணீர் இருப்பதாகவே ஃப்ளோட் சொல்லிக்கொண்டிருக்க, பெட்டியும் அதை நம்பி வெறும் மோட்டாரை ஓட்டியிருக்கிறது. காயில் கருகிப்போய், மோட்டாரை ரீவைண்டிங்குக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று.

அந்தப் பெட்டி மூன்று வேலைகளை ஒழுங்காகச் செய்தது: நிலைமையைக் கேட்டது, முடிவெடுத்தது, ஆணையிட்டது. நான்காவதாக ஒன்று உண்டு. இட்ட ஆணை உண்மையில் நிறைவேறியதா என்று திரும்பிப் பார்ப்பது. அதற்கான வழி அந்தப் பெட்டியில் இல்லை. மெட்ரோ ரயில் நிலையங்களில் இயங்கும் தானியங்கிக் கண்காணிப்பு, கட்டுப்பாட்டு அமைப்பை விளங்கிக்கொள்ள இந்த நான்காவது வேலையே நல்ல வாசல் என்பது என் எண்ணம். முதல் மூன்றும் எங்கள் படிக்கட்டுக்கு அடியிலேயே இருக்கின்றன. பெரிய அமைப்பின் செலவிலும் உழைப்பிலும் கணிசமான பகுதி நான்காவதற்கே போகிறது.

முதலில் இடத்தைப் பார்ப்போம். சென்னை மெட்ரோவின் நீல வழித்தடம் 2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டை வரை வந்தது. அங்கிருந்து விம்கோ நகர் வரையிலான சுமார் 9 கிலோமீட்டர் நீட்டிப்பு 2021 பிப்ரவரி 14 அன்று திறக்கப்பட்டது. இந்த நீட்டிப்பில் சர் தியாகராயா கல்லூரி, தண்டையார்பேட்டை ஆகிய இரண்டு நிலையங்கள் மட்டுமே நிலத்துக்கு அடியில் உள்ளன. தண்டையார்பேட்டையைத் தாண்டியதும் ரயில் சுரங்கத்திலிருந்து மேலேறி, புதுவண்ணாரப்பேட்டை, சுங்கச்சாவடி, காலடிப்பேட்டை, திருவொற்றியூர் என்று மேம்பாலத்தின் மீதே போய்விடுகிறது. ஜன்னலோரம் நிற்கும் பயணிக்கு இருட்டு மாறி வெளிச்சம் வருவது மட்டும்தான் தெரியும். நிலையத்தைப் பராமரிப்பவருக்கோ அது பெரிய வித்தியாசம். மேம்பால நிலையத்தில் கடற்காற்று தானாக வீசும், மழைநீர் தானாகக் கீழே வழியும், பகலில் வெளிச்சம் தானாக இருக்கும். நிலத்தடி நிலையத்தில் தானாக நடப்பது எதுவுமே இல்லை. ஒவ்வொரு மூச்சுக் காற்றையும் யாரோ உள்ளே தள்ள வேண்டும்; கசிந்து வரும் ஒவ்வொரு குடம் நீரையும் யாரோ மேலே ஏற்ற வேண்டும். கடற்கரைக்கு இவ்வளவு அருகில், நிலத்தடி நீர்மட்டம் மேலேயே நிற்கும் வடசென்னையில் இந்த இரண்டாவது வேலை சற்றும் சிறியதன்று.

அந்த 'யாரோ'தான் இக்கட்டுரையின் பொருள். ஒரு நிலத்தடி நிலையத்தில் குளிரூட்டும் இயந்திரங்கள், காற்று அனுப்பும் மின்விசிறிகள், சுரங்கக் காற்றோட்டப் பெருவிசிறிகள், நீர் இறைக்கும் பம்புகள், லிஃப்டுகள், எஸ்கலேட்டர்கள், விளக்குகள், தீயறிவிப்புக் கருவிகள், நடைமேடை ஓரக் கண்ணாடிக் கதவுகள், இவை எல்லாவற்றுக்கும் மின்சாரம் பிரித்துத் தரும் பலகைகள் என்று பலதரப்பட்ட சாதனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் அருகிலும் ஓர் ஆளை நிறுத்த முடியாது. நிறுத்தினாலும் ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாது. ஆகவே எல்லாச் சாதனங்களின் நிலையையும் ஓரிடத்தில் திரட்டிக் காட்டி, அங்கிருந்தே அவற்றை இயக்கவும் வழிசெய்கிறார்கள். மின்வழங்கல் போன்றவற்றைத் தொலைவிலிருந்து கவனிக்கும் அமைப்பை இத்துறையினர் 'ஸ்காடா' என்பார்கள். காற்று, நீர், விளக்கு போன்ற கட்டடச் சாதனங்களைக் கவனிப்பதற்கு 'பி.எம்.எஸ்.' என்று பெயர். பல ஊர்களில் இவ்விரண்டையும் இன்னும் சிலவற்றையும் ஒரே திரையில் இணைத்துவிடுகிறார்கள். பெயர்கள் மாறினாலும் உள்ளே நடப்பது ஏறத்தாழ ஒன்றே.

ரயில்களை இடித்துக்கொள்ளாமல் ஓட்டும் சிக்னல் அமைப்பு வேறு, இது வேறு என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. சிக்னல் அமைப்பு தனக்கென்று தனிக் கருவிகளும் மிகக் கடுமையான பாதுகாப்பு விதிகளும் கொண்டது. இது அதனிடமிருந்து ரயில் எங்கே நிற்கிறது என்பது போன்ற தகவல்களைப் பெற்றுக்கொள்ளலாம், அவ்வளவே.

அமைப்பின் அடித்தளத்தில் இருப்பவை சென்சார்கள். வெப்பம், நீர்மட்டம், காற்றின் அழுத்தம், கரியமில வாயுவின் அளவு, ஒரு கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று ஒவ்வொன்றும் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும். அவற்றின் கம்பிகள் அருகிலுள்ள இரும்புப் பெட்டி ஒன்றில் போய்ச் சேரும். அப்பெட்டிக்குள் இருக்கும் சிறு கணினியைப் 'பி.எல்.சி.' என்பார்கள். இது நம் மேசைக் கணினியைப் போலப் பல வேலை தெரிந்ததன்று. தனக்கு எழுதித் தரப்பட்ட நிரலை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, நொடிக்குப் பல முறை, அலுக்காமல் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டே இருப்பதுதான் அதன் பிழைப்பு. நிலையத்தின் பி.எல்.சி.க்கள் அனைத்தும் அந்த நிலையக் கட்டுப்பாட்டு அறையின் கணினியோடும், கண்ணாடி இழைக் கேபிள் வழியே முழு வழித்தடத்துக்கும் பொதுவான மையக் கட்டுப்பாட்டு அறையோடும் பேசுகின்றன. சென்னையில் அந்த மையம் கோயம்பேட்டில் இருக்கிறது. தண்டையார்பேட்டையில் நிலத்துக்கு அடியில் இருப்பதை நகரத்தின் மறுபக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் திரையில் பார்ப்பது இப்படித்தான்.

இனி ஒரு கம்பியை மட்டும் நெருங்கிப் பார்க்கலாம். நிலையத்தின் ஆகத் தாழ்வான இடத்தில் கசிவு நீர் சேரும் சம்ப் ஒன்று இருக்கும். அதன் ஆழம் 4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் நீர்மட்டச் சென்சார் தன் பதிலைச் சொற்களாக அனுப்புவதில்லை, மின்னோட்டமாக அனுப்புகிறது. உலகெங்கும் ஆலைகளில் பழக்கத்தில் உள்ள வழக்கப்படி அந்த மின்னோட்டம் 4 மில்லி ஆம்பியரில் தொடங்கி 20 மில்லி ஆம்பியரில் முடியும். சம்ப் காலியாக இருந்தால் 4, முழுவதும் நிரம்பினால் 20. இடையில் ஒவ்வொரு மீட்டருக்கும் 4 மில்லி ஆம்பியர் கூடும். ஆகவே 12 என்று வந்தால் நீர் 2 மீட்டர் நிற்கிறது.

காலிச் சம்புக்குப் பூஜ்யத்தை வைக்காமல் ஏன் 4-ஐ வைத்தார்கள்? பூஜ்யத்தை வைத்திருந்தால், எலி கடித்துக் கம்பி அறுந்த அன்றும் பூஜ்யமே வரும். 'சம்ப் காலி, கவலை இல்லை' என்று பி.எல்.சி. பம்பை நிறுத்திவைத்திருக்க, நீர் மட்டுமே ஏறிக்கொண்டிருக்கும். 4-இலிருந்து தொடங்குவதால், உயிரோடு இருக்கும் கம்பியில் எப்போதும் கொஞ்சம் மின்சாரம் ஓடும். அது சுமார் 3.6-க்குக் கீழே இறங்கினாலோ 21-ஐத் தாண்டினாலோ, நீர்மட்டத்தைப் பற்றிய செய்தியாக அதை எடுத்துக்கொள்வதே இல்லை. சென்சார் பழுது என்று தனியே அலாரம் எழும். 'ஒன்றுமில்லை' என்ற பதிலுக்கும் பதிலே வராததற்கும் உள்ள வேறுபாட்டை இவ்வளவு மலிவாக ஒரு கம்பிக்குள் வைத்தவர்களின் சாமர்த்தியம் எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. எங்கள் ஃப்ளோட்டிடம் இருந்தது 'உண்டு', 'இல்லை' என்ற இரண்டே பதில்கள்; பொய் சொல்கிறோம் என்று தெரிவிக்க அதற்கு மூன்றாவது பதில் கிடையாது.

நீர்மட்டம் தெரிந்தபின் பம்பை ஓட்டுவது எளிது போலத் தோன்றும். 2 மீட்டரில் போடு, 2 மீட்டருக்குக் கீழே வந்தால் நிறுத்து என்று எழுதினால் என்ன ஆகும்? பம்ப் ஓடத் தொடங்கிய சில நொடிகளில் மட்டம் ஒரு விரற்கடை இறங்கும், பம்ப் நிற்கும். மறுபடி ஒரு விரற்கடை ஏறும், பம்ப் ஓடும். மோட்டாருக்குத் தொடங்கும் நேரமே அதிகச் சுமை என்பதால் இப்படி விட்டுவிட்டு ஓட்டினால் சீக்கிரமே சூடேறிக் கெடும். எனவே போடும் மட்டத்துக்கும் நிறுத்தும் மட்டத்துக்கும் நடுவே வேண்டுமென்றே இடைவெளி விடுவார்கள். 2 மீட்டரில் தொடங்கினால் அரை மீட்டர் வரை இறைத்துவிட்டே நிற்க வேண்டும். இரண்டு பம்புகள் இருந்தால் இம்முறை ஒன்று, மறுமுறை மற்றொன்று என்று முறை மாற்றி ஓட்டுவார்கள். அப்படிச் செய்யாவிட்டால் ஒன்று தேய்ந்துபோகும், மற்றொன்று ஓடாமலே துருப்பிடித்து இறுகும். கனமழையில் ஒரு பம்ப் போதாமல் மட்டம் மேலும் ஏறினால் இரண்டாவதும் சேர்ந்துகொள்ளும். அதையும் மீறினால் அலாரம்.

இப்போது அந்த நான்காவது வேலைக்கு வருகிறேன். பி.எல்.சி. பம்புக்கு 'ஓடு' என்கிறது. உடனே 'காண்டாக்டர்' எனப்படும் பெரிய மின்சுவிட்ச் ஒன்று ஒட்டிக்கொண்டு மோட்டாருக்கு மின்சாரத்தைத் தரும். அது ஒட்டியதா என்பதைச் சொல்ல, அதன் பக்கவாட்டிலேயே இன்னொரு சிறு தொடுமுனை இருக்கிறது. அதிலிருந்து ஒரு கம்பி பி.எல்.சி.க்குத் திரும்பி வரும். ஆணை போய்ச் சில நொடிகளுக்குள் இந்தப் பதில் வராவிட்டால் 'தொடங்கத் தவறியது' என்று பதிவாகி, அடுத்த பம்ப் தானாக எடுத்துக்கொள்ளும். இது போதுமா? எங்கள் வீட்டு மோட்டாரின் சுவிட்சும் ஒட்டித்தான் இருந்தது, மின்சாரமும் போய்க்கொண்டுதான் இருந்தது. எனவே முக்கியமான இடங்களில் இன்னும் ஒரு படி கீழே இறங்கிக் கேட்பார்கள். பெல்ட்டால் சுழலும் மின்விசிறியில் பெல்ட் அறுந்தால் மோட்டார் ஓடும், விசிறி நிற்கும். ஆகவே விசிறிக்கு முன்னும் பின்னும் காற்றழுத்தத்தை அளந்து, இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். காற்று நகர்ந்தால்தான் அந்த வித்தியாசம் வரும். சுவிட்சைக் கேட்காமல் காற்றையே கேட்கும் முறை இது. திரையில் ஒரு விசிறியின் படம் பச்சை நிறமாகிறது என்றால், அந்தப் பச்சை எதைக் கேட்டு வந்த பச்சை என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஆணையைக் கேட்டா, சுவிட்சைக் கேட்டா, காற்றைக் கேட்டா?

இதிலும் மனிதக் கை தவறு செய்ய ஓர் இடம் உண்டு. ஒவ்வொரு பம்பின் பலகையிலும் 'லோக்கல்', 'ரிமோட்' என்று ஒரு திருகு சுவிட்ச் இருக்கும். பழுது பார்ப்பவர் பம்பின் மீது கை வைத்திருக்கும்போது தொலைவிலிருந்து யாரும் அதை ஓட்டிவிடக் கூடாது என்பதற்காக, முதலில் அதை லோக்கலுக்குத் திருப்புவார். வேலை முடிந்து, கருவிகளை எடுத்துக்கொண்டு, சுவிட்சைத் திருப்ப மறந்து போய்விட்டால், அடுத்த மழைக்கு பி.எல்.சி. எவ்வளவு கூவினாலும் அந்தப் பம்ப் அசையாது. ஆகவே அந்தத் திருகு சுவிட்சின் நிலையும் தனிக் கம்பி வழியே திரைக்கு வருகிறது.

காற்றின் கதை இன்னும் சுவையானது. சுரங்கத்தில் ஓடும் ரயில், சிரிஞ்சுக்குள் நகரும் அடைப்பைப் போலத் தனக்கு முன்னாலுள்ள காற்றைத் தள்ளிக்கொண்டும் பின்னாலிருந்து இழுத்துக்கொண்டும் போகிறது. ரயில் ஓடும் வரை சுரங்கக் காற்றின் பெரும்பங்கு இப்படியே புதுப்பிக்கப்பட்டுவிடும். நம் நிலத்தடி நிலையங்களில் நடைமேடை ஓரம் கண்ணாடிக் கதவுகள் இருப்பதால், சுரங்கத்தின் வெக்கை நிலையத்துக்குள் பெருமளவு வராமல் தடுக்கப்படுகிறது. நிலையத்துக்குள்ளே எவ்வளவு வெளிக்காற்றைக் கலக்க வேண்டும் என்பதைக் கரியமில வாயுச் சென்சார் சொல்லும். வெளியே பத்து லட்சத்தில் 400 பங்குக்குச் சற்று அதிகமாக இருக்கும் அது, மூடிய இடத்தில் கூட்டம் கூடினால் விரைவாக ஏறும். 1,000 பங்கை நெருங்கும்போது வெளிக்காற்றைக் கூட்டுவதும், கூட்டம் கலைந்ததும் குறைப்பதும் பொதுவான வழக்கம். வடசென்னை வெயிலில் சூடான, ஈரமான வெளிக்காற்றை ஒரு பங்கு கூடுதலாக உள்ளே விட்டால் அதைக் குளிர்விக்க அவ்வளவு மின்சாரமும் கூடுதலாகும் என்பதால், இந்தக் கணக்கைக் கையால் போட்டுக்கொண்டிருக்க முடியாது.

ரயில் சுரங்கத்தின் நடுவே நின்றுவிட்டால் நிலைமை மாறுகிறது. காற்றைத் தள்ள ஆளில்லை, ரயிலின் ஏ.சி.யோ வெப்பத்தை வெளியே கொட்டிக்கொண்டே இருக்கிறது. ரயில் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் நிற்கிறது என்ற தகவல் வந்ததும், இருபக்க நிலையங்களிலும் உள்ள சுரங்கப் பெருவிசிறிகளை இயக்க வேண்டும். இருபக்கமும் காற்றை உள்ளே தள்ளினால் நடுவில் முட்டிக்கொண்டு நிற்கும். ஒரு பக்கம் தள்ள, மறுபக்கம் இழுக்க வேண்டும். ஆகவே இந்த விசிறிகள் இரு திசையிலும் சுழலக்கூடியவை.

தீ பிடித்தால் இதே தள்ளுதலும் இழுத்தலும் உயிர்காக்கும் வேலையாகிவிடுகிறது. ரயிலின் முன்பெட்டியில் தீ என்றால் பயணிகள் பின்பக்கமாகத்தான் நடக்க வேண்டும். அப்போது நல்ல காற்று பின்பக்கத்திலிருந்து அவர்கள் முகத்தில் வீச வேண்டும், புகை முன்பக்கமாக ஒதுங்க வேண்டும். காற்றின் வேகம் போதாவிட்டால் புகை சுரங்கக் கூரையை ஒட்டி எதிர்த்திசையிலும் ஊர்ந்து வந்துவிடும். தீயின் அளவையும் சுரங்கத்தின் சரிவையும் பொறுத்து, பொதுவாக நொடிக்கு 2 முதல் 3 மீட்டர் வேகமாவது தேவைப்படும். தீ எங்கே, பயணிகள் எந்தப் பக்கம் என்பதற்கு ஏற்ப எந்த விசிறி எந்தத் திசையில் சுழல வேண்டும், எந்தக் காற்றுத்தடுப்பு திறக்க வேண்டும் என்ற பட்டியல்களை முன்னமே தயாரித்து வைத்திருப்பார்கள். அந்நேரத்தில் ஒவ்வொரு விசிறியாக யோசித்துப் போட அவகாசம் இருக்காது. பொறுப்பாளர் சரியான பட்டியலைத் தேர்ந்தெடுத்தால், வரிசைப்படி எல்லாம் நடக்கும். நிலையத்துக்குள் தீ என்றால், டிக்கெட் வாயில்கள் திறந்துகொள்ளும், லிஃப்டுகள் பாதுகாப்பான தளத்தில் போய் நிற்கும், சாதாரணக் காற்றோட்டம் நின்று புகை வெளியேற்றம் தொடங்கும், அறிவிப்பு ஒலிக்கும். நடைமேடையிலிருந்து அனைவரும் 4 நிமிடங்களுக்குள் வெளியேற வேண்டும், 6 நிமிடங்களுக்குள் பாதுகாப்பான இடத்தை அடைய வேண்டும் என்பது பல நாடுகள் பின்பற்றும் அமெரிக்கத் தீப்பாதுகாப்புத் தரநிலையின் அளவுகோல்.

இத்தனையும் இருந்தும் பிழைபடக்கூடிய இடம் எது என்பதைத் தென்கொரியாவின் தேகு நகரம் 2003 பிப்ரவரி 18 அன்று கொடுமையாகக் காட்டியது. நிலத்தடி நிலையத்தில் நின்ற ரயில் ஒன்றுக்கு ஒருவர் தீ வைத்தார். கட்டுப்பாட்டு அறைக்குத் தீ எச்சரிக்கை வந்தது. அடிக்கடி பொய்யாக ஒலிக்கும் அலாரம்தானே என்று அது பொருட்படுத்தப்படவில்லை. எதிர்த்திசை ரயிலும் அதே நிலையத்துக்குள் வந்து நின்றது. சற்று நேரத்தில் மின்சாரம் அற்றுப்போக, அதனால் நகர முடியவில்லை. மாண்ட 192 பேரில் பெரும்பாலோர் தீ வைக்கப்பட்ட ரயிலில் இருந்தவர்கள் அல்லர், பின்னால் வந்த அந்த ரயிலில் இருந்தவர்கள். சென்சார் தன் கடமையைச் செய்திருந்தது. அதன் சொல்லுக்கு மதிப்பு ஏற்கெனவே போயிருந்தது.

ஆகவே அலாரங்களை எழுப்புவதைவிட அடக்குவதே கடினமான கலை என்று நான் நினைக்கிறேன். ஒரு மின்பலகைக்கு வரும் மின்சாரம் ஒரு கணம் தடைபட்டால், அதை நம்பியிருக்கும் ஒவ்வொரு விசிறியும், ஒவ்வொரு பம்பும், ஒவ்வொரு விளக்குச் சுற்றும் தனித்தனியே 'நான் நின்றுவிட்டேன்' என்று கூவும். திரை நிரம்ப வரிகள் ஓடும்; உண்மையான காரணம் அவற்றில் ஒரே ஒரு வரியாக எங்கோ புதைந்திருக்கும். அதனால்தான் எல்லாக் கருவிகளின் கடிகாரங்களையும் ஒரே தாய்க் கடிகாரத்தோடு இணைத்து, எது முதலில் நடந்தது என்பதை மில்லி நொடி வரை குறித்துவைக்கிறார்கள். உடனே எழுந்து ஓட வேண்டியது, இன்றைக்குள் பார்க்க வேண்டியது, குறித்துவைத்தால் போதுமானது என்று அலாரங்களுக்குத் தரமும் பிரிக்கிறார்கள். ஒரே தீயறிவிப்புக் கருவி கூவினால் அதைச் சரிபார்க்கச் சொல்லியும், பக்கத்துக் கருவியும் சேர்ந்து கூவினால் தீ என்றே உறுதியாகக் கொண்டும் செயல்படும்படி அமைப்பதும் இதன் ஒரு பகுதிதான்.

கோயம்பேட்டோடு தொடர்பே அறுந்துவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி இயல்பாக எழும். கேபிளை வளையமாகப் போட்டிருந்தால், ஓரிடத்தில் அறுந்தாலும் தகவல் மறுசுற்றாகப் போய்ச் சேரும். சர்வர்கள் இரட்டையாக ஓடும். ஒன்று விழுந்தால் மற்றொன்று தொடரும். எல்லாமே போனாலும், சம்புக்குப் பக்கத்திலுள்ள பி.எல்.சி. தன் பேட்டரி உள்ளவரை நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டும் பம்புக்கு ஆணையிட்டுக்கொண்டும்தான் இருக்கும். மேலிடத்தில் யாரும் பார்க்கவில்லை என்பது அதற்குப் பொருட்டில்லை. தீ நேரத்தில் டிக்கெட் வாயில்களைத் திறப்பது போன்ற சில வேலைகளைக் கணினிகளை நம்பி விடாமல், தீயறிவிப்புப் பலகையிலிருந்து நேரடிக் கம்பி இழுத்தே செய்வதுண்டு.

இவ்வளவு கம்பிகளும் தொடுமுனைகளும் உப்புக்காற்று வீசும் ஊரில் இருக்கின்றன. காசிமேட்டுப் பக்கம் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஜன்னல் கம்பி எத்தனை வருடத்தில் உதிரும் என்று தெரியும். செம்பு முனையில் மெல்லிய பச்சைப் படலம் படிந்தாலே போதும், 'ஆம்' என்ற பதில் வராமல் போய்விடும். ஆகவே சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். கடைசி ரயில் போய், விடியற்காலை முதல் ரயில் வருவதற்குள் கிடைக்கும் சில மணி நேரமே அதற்குத் தோது. சம்பின் அபாய மட்டத்துக்கென்று, மின்னோட்டச் சென்சாரை மட்டும் நம்பாமல், தனியாக ஒரு ஃப்ளோட்டும் தொங்கவிடுவதுண்டு. அதைச் சோதிக்க இன்றும் வேறு குறுக்குவழி இல்லை. ஒருவர் சம்பின் வாயில் குனிந்து, நீளக் கழியால் அந்த ஃப்ளோட்டைத் தூக்கிப் பிடிப்பார். இன்னொருவர் மேலே கட்டுப்பாட்டு அறைத் திரையில் சிவப்பு வரி வருகிறதா என்று பார்ப்பார்.

"தூக்கிட்டேன் அண்ணே, வந்துச்சா?"

"இன்னும் வரல. கொஞ்சம் ஆட்டிப் பாரு… ம், வந்துடுச்சு. இப்ப விடு, போகுதான்னு பாக்கறேன்."